அமெரிக்காவில் எம்.எச்.ஏ. படிப்பவர்களுக்கு: இன்டர்ன்ஷிப், ஃபெல்லோஷிப் தேடுவது எப்படி?

மருத்துவமனை நிர்வாகமோ (எம்.எச்.ஏ.) சுகாதாரக் கொள்கையோ முதுகலை படிக்க அமெரிக்கா வருகிற தமிழ் மாணவர்களில் பலர் ஊரில் பல் மருத்துவம், பிசியோதெரபி, பார்மசி, நர்சிங் என்று ஒன்றை முடித்து, கொஞ்ச காலம் வேலையும் பார்த்தவர்கள். நோயாளிகளோடு பழகியவர்கள். அது பெரிய பலம். ஆனாலும் இவர்களில் நிறையப் பேர் காலண்டர் விஷயத்தில் கோட்டை விடுகிறார்கள். இரண்டு வருடப் படிப்புதானே, வேலையைக் கடைசி செமஸ்டரில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடுகிறார்கள். மே மாதம் பட்டம் வாங்கப் போகிறவருக்கான ஃபெல்லோஷிப் விண்ணப்பங்கள் பெரும்பாலும் அதற்கு முந்தைய செப்டம்பர், அக்டோபரிலேயே முடிந்துவிடும். அந்த விண்ணப்பத்தில் எழுத விஷயம் வேண்டுமென்றால் அதற்கு முந்தைய கோடையில் நல்ல இன்டர்ன்ஷிப் செய்திருக்க வேண்டும். அந்த இன்டர்ன்ஷிப்பைத் தேட முதல் செமஸ்டரில் இறங்கியிருக்க வேண்டும். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

எது இன்டர்ன்ஷிப், எது ஃபெல்லோஷிப்

இன்டர்ன்ஷிப் என்பது முதல் வருடத்துக்கும் இரண்டாம் வருடத்துக்கும் நடுவில் வரும் கோடையில், பத்துப் பன்னிரண்டு வாரம் ஒரு மருத்துவமனையிலோ காப்பீட்டு நிறுவனத்திலோ அரசு அலுவலகத்திலோ வேலை பார்ப்பது. பல எம்.எச்.ஏ. படிப்புகளில் இது கட்டாயம்.

நிர்வாக ஃபெல்லோஷிப் பட்டம் முடித்த பிறகு வருவது. ஓராண்டு, சில இடங்களில் இரண்டாண்டு. சம்பளம் உண்டு, மருத்துவக் காப்பீடு உண்டு. மருத்துவமனையின் தலைமை நிர்வாகி (சி.இ.ஓ.) அல்லது தலைமைச் செயல்பாட்டு அதிகாரி (சி.ஓ.ஓ.) போன்ற ஒருவர் உங்களுக்கு வழிகாட்டியாக இருப்பார். அவரை பிரிசெப்டர் என்பார்கள். வேலைக்குச் சேர்ந்து பத்து வருடம் கழித்துத்தான் உட்கார முடிகிற கூட்டங்களில் முதல் மாதமே ஒரு நாற்காலி கிடைக்கும். காலையில் எல்லாப் பிரிவுத் தலைவர்களும் கூடி 'நேற்று இரவு என்ன பிரச்சினை, இன்று எத்தனை படுக்கை காலி' என்று பதினைந்து நிமிடத்தில் பேசி முடிக்கும் கூட்டத்திலிருந்து, மூடிய கதவுக்குப் பின்னால் நடக்கும் பட்ஜெட் விவாதம் வரை பார்க்கலாம். மேயோ கிளினிக், கிளீவ்லாண்ட் கிளினிக், ஜான்ஸ் ஹாப்கின்ஸ், கைசர் பெர்மனென்டே, எம்.டி. ஆண்டர்சன் என்று பெயர் தெரிந்த இடங்கள் மட்டுமில்லை, பெயரே கேள்விப்படாத மாநில அளவு மருத்துவமனைக் குழுமங்களும் ஃபெல்லோக்களை எடுக்கின்றன. சிறிய இடத்தில் கைக்கு வரும் வேலை பல சமயம் பெரிதாக இருக்கும். பெயருக்காக அதை விட்டுவிடாதீர்கள்.

இந்த ஏற்பாடு இன்று நேற்று வந்ததில்லை. சிகாகோ பல்கலைக்கழகம் 1934-இல் இத்துறைக்கான முதல் முதுகலைப் படிப்பைத் தொடங்கியது. அடுத்தடுத்து வந்த பழைய படிப்புகள் பலவற்றில் ஒரு வருடம் வகுப்பு, ஒரு வருடம் மருத்துவமனையில் ஒரு நிர்வாகிக்குக் கீழ் பயிற்சி என்றுதான் இருந்தது. அந்தப் பயிற்சி வருடம் படிப்பிலிருந்து பிரிந்து வந்த வடிவம்தான் இன்றைய ஃபெல்லோஷிப்.

இணையத்தில் தேடும்போது ஒரு எச்சரிக்கை. ஃபெல்லோஷிப் என்று தட்டினால் டாக்டர்களுக்கான இதயவியல், புற்றுநோயியல் சிறப்புப் பயிற்சிகள்தான் முதலில் வரும். ராபர்ட் வுட் ஜான்சன் அறக்கட்டளையின் சுகாதாரக் கொள்கை ஃபெல்லோஷிப், காமன்வெல்த் ஃபண்டின் ஹார்க்னஸ் ஃபெல்லோஷிப் போன்ற பெரிய பெயர்களும் கண்ணில் படும். அவை பல வருட அனுபவம் உள்ளவர்களுக்கானவை. இப்போதைக்கு அந்தப் பக்கம் போக வேண்டாம்.

சேரும் முன்பே பார்க்க வேண்டிய இரண்டு

ஒன்று, படிப்பின் அங்கீகாரம். நிர்வாகப் படிப்புகளுக்கு சி.ஏ.எச்.எம்.இ. என்ற அமைப்பின் அங்கீகாரமும், பொதுச் சுகாதாரப் படிப்புகளுக்கு செஃப் என்று அழைக்கப்படும் சி.இ.பி.எச். அங்கீகாரமும் உண்டு. பல மருத்துவமனைகள் இந்த அங்கீகாரம் பெற்ற படிப்பிலிருந்து வருகிறவர்களை மட்டுமே ஃபெல்லோஷிப்புக்கு எடுத்துக்கொள்ளும். கட்டணம் குறைவு என்று அங்கீகாரமில்லாத படிப்பில் சேர்ந்துவிட்டு, பிறகு ஒவ்வோர் அறிவிப்பிலும் அந்த வரியைப் பார்த்து நொந்து பயனில்லை.

இரண்டாவது, மாணவர் விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவத்தில் உங்கள் படிப்புக்கு எதிரே இருக்கும் சி.ஐ.பி. எண், அதாவது படிப்பின் வகையைக் குறிக்கும் எண். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் படிக்கிறவருக்குப் பட்டம் முடிந்ததும் ஓ.பி.டி. என்ற பெயரில் 12 மாதம் வேலை பார்க்க அனுமதி கிடைக்கும். அறிவியல், தொழில்நுட்பப் படிப்புகளாக அரசு பட்டியலிட்டவற்றுக்கு, அதாவது ஸ்டெம் படிப்புகளுக்கு, இன்னும் 24 மாதம் நீட்டிப்பு உண்டு. எம்.எச்.ஏ.வுக்கு வழக்கமாகத் தரப்படும் 51.0701 என்ற எண் அந்தப் பட்டியலில் இல்லை. மருத்துவத் தகவலியல், நோய்ப்பரவியல், உயிரியல் புள்ளியியல் ஆகியவை இருக்கின்றன. சில பல்கலைக்கழகங்களில் நிர்வாகத்தையும் தகவலியலையும் சேர்த்துப் படிக்கலாம். ஒரே பல்கலைக்கழகத்தில் பக்கத்துப் பக்கத்து அறையில் நடக்கும் இரண்டு படிப்புகளுக்கு வேறு வேறு எண் இருக்கக்கூடும். சேர்க்கைக் கடிதம் வந்ததும் 'இந்தப் படிப்பின் சி.ஐ.பி. எண் என்ன?' என்று ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள்.

விசா கணக்கு

இதை முன்னாலேயே பேசிவிடுவது நல்லது. எத்தனையோ பேர் அழகாக விண்ணப்பம் எழுதி முடித்த பிறகுதான் அறிவிப்பின் கடைசி வரியில் 'விசா ஆதரவு தரப்படாது' என்று இருப்பதைக் கவனிக்கிறார்கள்.

கோடை இன்டர்ன்ஷிப்புக்கு சி.பி.டி. அனுமதி, அதாவது படிக்கும்போதே வேலை பார்க்கும் அனுமதி, வேண்டும். பொதுவாக ஒரு முழுக் கல்வியாண்டு படித்திருக்க வேண்டும். வேலை உங்கள் பாடத்திட்டத்தோடு சேர்ந்ததாக இருக்க வேண்டும். பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் டி.எஸ்.ஓ. என்ற அதிகாரி இருப்பார். அவர் புது ஐ-20 தந்த பிறகுதான் முதல் நாள் வேலைக்குப் போகலாம். சம்பளமில்லாத வேலை என்றாலும் அவரைக் கேட்காமல் தொடங்காதீர்கள். முழு நேர சி.பி.டி. மொத்தம் 12 மாதத்தைத் தொட்டால் ஓ.பி.டி. போய்விடும். ஒரு கோடைக்கு அந்தப் பயம் இல்லை.

ஃபெல்லோஷிப்புக்கு ஓ.பி.டி. அங்கே தேதிதான் எல்லாம். ஓ.பி.டி. தொடங்கும் நாளை நீங்கள்தான் தேர்ந்தெடுக்கிறீர்கள்; படிப்பு முடியும் நாளிலிருந்து 60 நாளுக்குள் அது இருக்க வேண்டும். மே 15 படிப்பு முடிகிறது, ஃபெல்லோஷிப் ஜூலை 1 தொடங்கி அடுத்த ஜூன் 30 முடிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவசரப்பட்டு மே 20 என்று தொடக்க நாளைப் போட்டால் அனுமதி அடுத்த மே மாதமே தீர்ந்துவிடும். ஃபெல்லோஷிப்பின் கடைசி ஆறு வாரம் அந்தரத்தில் நிற்கும். ஜூலை 1 என்றே போட்டால் இரண்டும் கச்சிதமாகப் பொருந்தும். விண்ணப்பத்தைப் படிப்பு முடிவதற்கு 90 நாள் முன்பிருந்தே அனுப்பலாம். முதல் வாரத்திலேயே அனுப்பிவிடுங்கள். வேலையில்லாமல் இருக்கும் நாட்கள் மொத்தம் 90-ஐத் தாண்டக் கூடாது என்ற விதியும் உண்டு.

இந்தக் கணக்குப்படி, ஸ்டெம் எண் இல்லாதவருக்கு ஓராண்டு ஃபெல்லோஷிப் சரியாக இருக்கும். ஈராண்டு ஃபெல்லோஷிப் என்றால் இரண்டாம் வருடத்துக்கு நிறுவனம் எச்-1பி என்ற வேலை விசாவுக்கு விண்ணப்பம் போட்டாக வேண்டும். பல்கலைக்கழகங்களுக்கும் அவற்றோடு முறைப்படி இணைந்த லாப நோக்கமில்லாத மருத்துவமனைகளுக்கும் ஆண்டுக்கு 85,000 என்ற எச்-1பி உச்சவரம்பு கிடையாது. அந்த வரம்புக்குள் ஆளைத் தேர்ந்தெடுக்கும் லாட்டரிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. அதனால் வெளிநாட்டு மாணவர்கள் பல்கலைக்கழக மருத்துவமனைகளைப் பட்டியலில் மேலே வைப்பது புத்திசாலித்தனம். இன்னொன்று: 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி விண்ணப்பங்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்று அதிபரின் அறிவிப்பு வந்தது, யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது என்ற விளக்கங்கள் அதற்குப் பிறகே வந்தன. இப்படி விதிகள் திடீரென்று மாறும். நண்பர் சொன்னதையோ வாட்ஸ்அப் குழுவில் வந்ததையோ நம்பி முடிவெடுக்காதீர்கள். டி.எஸ்.ஓ.விடம் கேளுங்கள், தேவையென்றால் குடியேற்ற வழக்கறிஞருக்கு ஒரு முறை பணம் கொடுத்துக் கேளுங்கள்.

எச்-1பி வேலை விசாவில் இருக்கும் கணவரோடோ மனைவியோடோ எச்-4 விசாவில் வந்து, இங்கே படிக்கிறவர்களும் நம்மவர்களில் உண்டு. 2015 முதல் எச்-4 விசாவில் இருப்பவர்களில் ஒரு பகுதியினருக்கு வேலை அனுமதி கிடைக்கிறது. அது கையில் இருந்தால் மேலே சொன்ன தேதிக் கணக்கு எதுவும் உங்களைக் கட்டுப்படுத்தாது. விண்ணப்பத்தில் கேட்கும் இடத்தில் அதைத் தெளிவாகச் சொல்லுங்கள்.

முதல் செமஸ்டர்

ஆகஸ்டில் வகுப்பு தொடங்கியதும் ஏ.சி.எச்.இ. என்ற அமெரிக்க மருத்துவமனை நிர்வாகிகள் சங்கத்தில் மாணவர் உறுப்பினராகச் சேருங்கள். 1933-இல் தொடங்கிய சங்கம் அது. ஊருக்கு ஊர் கிளை இருக்கிறது. தேசிய மாநாட்டைவிட உள்ளூர்க் கிளையின் மாலைக் கூட்டம்தான் புதியவருக்கு உபயோகம். நாற்பது ஐம்பது பேர் வருவார்கள். அதில் பாதிப் பேர் உங்கள் ஊர் மருத்துவமனைகளில் வேலை பார்ப்பவர்கள், அவர்களில் ஒருவர்தான் வரும் கோடையில் இன்டர்ன் எடுக்கப் போகிறவர்.

அடுத்தது, உங்கள் படிப்பின் முன்னாள் மாணவர்களுக்குக் கடிதம் எழுதுவது. தெரியாத பெரியவருக்கு நாமாக எழுதுவதா என்று நம் பிள்ளைகள் தயங்குவார்கள். எழுதுங்கள், இங்கே அது தினசரி நடக்கிற காரியம். ஐந்து வரி போதும்: யார் நீங்கள், எந்தப் படிப்பு, அவருடைய வேலையில் எது உங்கள் கவனத்தை ஈர்த்தது, இருபது நிமிடம் பேச முடியுமா, எந்தெந்த நாள் உங்களுக்கு வசதி. ரெஸ்யூமேயை இணைக்க வேண்டாம். வேலையும் கேட்க வேண்டாம். பேசும்போது 'உங்கள் மருத்துவமனையில் இப்போது எல்லோருக்கும் தலைவலியாக இருக்கிற விஷயம் எது?' என்று கேட்டால் அவரே மனம் திறந்து பேசுவார். மறுநாள் நன்றி சொல்லி எழுதுங்கள். அவர் சொன்ன ஒன்றைச் செய்துவிட்டு, ஒரு மாதம் கழித்து 'நீங்கள் சொன்னதைச் செய்தேன், இப்படி ஆயிற்று' என்று இன்னொரு கடிதம் எழுதுங்கள். இந்த இரண்டாவது கடிதத்தை எழுதுகிறவர்கள் மிகக் குறைவு. அதனாலேயே அவர்கள் நினைவில் நிற்கிறார்கள்.

எக்செல் நன்றாகத் தெரிய வேண்டும். பிவட் டேபிள், தேடி எடுக்கும் ஃபார்முலாக்கள், ஒரு தெளிவான வரைபடம் இவையெல்லாம் கையில் ஓட வேண்டும். அப்புறம் அமெரிக்கச் சுகாதாரத்தில் பணம் எப்படி நகர்கிறது என்ற அடிப்படை. ஊரிலிருந்து வந்தவர்களுக்கு இதுதான் பெரிய இடைவெளி. முதியோருக்கான மெடிகேர், ஏழைகளுக்கான மெடிகெய்ட் இரண்டும் 1965-இல் வந்தன. ஒரே சிகிச்சைக்கு மெடிகேர் ஒரு விலை, தனியார் காப்பீடு வேறு விலை கொடுக்கும். காசில்லை என்று அவசர நோயாளியைத் திருப்பி அனுப்பக் கூடாது என்பது 1986 முதல் சட்டம். மாரடைப்பு, இதயச் செயலிழப்பு, நிமோனியா போன்ற சில நோய்களுக்குச் சிகிச்சை பெற்றவர்கள் 30 நாளுக்குள் மறுபடி அனுமதிக்கப்படுவது எதிர்பார்த்ததைவிட அதிகமானால், 2012 அக்டோபரிலிருந்து மெடிகேர் அந்த மருத்துவமனைக்குத் தரும் தொகையில் ஒரு பகுதியை, இப்போது 3 சதவீதம் வரை, பிடிக்கிறது. இந்த ஒரு விதி வந்ததால்தான் எத்தனையோ மருத்துவமனைகளில் வீட்டுக்குப் போன நோயாளியைத் தொலைபேசியில் அழைத்து 'மாத்திரை வாங்கினீர்களா?' என்று கேட்கும் நர்ஸ் வேலையே உருவானது. இப்படி விதியையும் அதன் பின்னால் நடக்கும் வேலையையும் சேர்த்துச் சொல்லத் தெரிந்தால், நேர்முகத்தில் உங்கள் பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

கோடை இன்டர்ன்ஷிப்

விண்ணப்பங்கள் அக்டோபரில் தொடங்கி பிப்ரவரி, மார்ச் வரை நீளும். பெரிய நிறுவனங்கள் முன்னதாக மூடிவிடும். அறிவிப்பே போடாத இடங்களும் நிறைய. முன்பு பேசிய முன்னாள் மாணவர் அங்கேதான் உதவுவார். சம்பளம் சில இடத்தில் உண்டு, சில இடத்தில் இல்லை. இரண்டும் கிடைத்தால் சம்பளம் உள்ளதை எடுத்துக்கொள்வதில் தவறே கிடையாது, வாடகை கட்ட வேண்டும்.

சேர்ந்த முதல் வாரத்தில் பிரிசெப்டரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: எனக்கென்று ஒரு வேலை, ஆரம்பமும் முடிவும் உள்ளதாக, பத்து வாரத்தில் முடிக்கக்கூடியதாக. ஐந்து கூட்டத்தில் குறிப்பெடுத்தேன் என்பதை வைத்து இலையுதிர் காலத்தில் எதுவும் எழுத முடியாது.

ஒரு வேலையைக் கிட்டத்தில் பார்ப்போம். அறுவை அரங்கில் காலை 7.30-க்குத் தொடங்க வேண்டிய முதல் சிகிச்சை 7.55-க்குத் தொடங்குகிறது. அன்று முழுவதும் அந்த அரங்கில் எல்லாமே பின்னால் தள்ளிப்போகும். மாலையில் கூடுதல் நேரச் சம்பளம், கடைசி நோயாளிக்குப் பசியோடு காத்திருப்பு. இதைச் சரிசெய்வது இன்டர்ன்களுக்கு அடிக்கடி தரப்படும் வேலை. கணினியில் தாமதத்துக்கான காரணம் என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் பாதி 'மற்றவை' என்று பதிவாகியிருக்கும். அதை நம்பி வரைபடம் போடாதீர்கள். காலை ஆறேகாலுக்கே போய், அறுவைக்கு முன் நோயாளியைத் தயார் செய்யும் இடத்தில் ஓர் ஓரமாக நின்று பாருங்கள். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து இல்லை, டாக்டர் வந்து போட வேண்டும். நோயாளியின் உடல் பரிசோதனைக் குறிப்பு புதுப்பிக்கப்படவில்லை. கருவித் தட்டு கிருமி நீக்கும் பிரிவிலிருந்து மேலே வரவில்லை. மயக்க மருந்து டாக்டர் அடுத்த படுக்கையில் இருக்கிறார். ஒவ்வொன்றுக்கும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நான்கு வாரம் இப்படிச் செய்தால், அங்கே இருபது வருடமாக வேலை பார்க்கிற நர்ஸுக்கே தெரியாத ஒன்று உங்கள் கையில் இருக்கும். அவருக்குத் தெரிந்த நூறு விஷயங்களை அதற்குள் அவர் உங்களுக்குச் சொல்லியும் இருப்பார். அந்த நர்ஸின் பெயரை உங்கள் அறிக்கையில் முதலில் போடுங்கள்.

இப்போது ரெஸ்யூமேயில் இதை எழுதும் விதம். பலர் 'அறுவை அரங்கச் செயல்திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் உதவினேன்' என்று எழுதுவார்கள். இதில் என்ன செய்தீர்கள் என்பதே இல்லை. 'எட்டு அரங்குகளில் நான்கு வாரம் முதல் சிகிச்சைத் தொடக்க நேரத்தை நேரில் பதிவு செய்தேன். கையெழுத்தில்லாத ஒப்புதல் படிவமே முதன்மைக் காரணம் என்று கண்டேன். முந்தின நாள் மதியமே படிவங்களைச் சரிபார்க்கும் முறையை இரண்டு அரங்குகளில் நர்ஸ்களோடு சேர்ந்து சோதித்தேன்' என்று எழுதினால் படிக்கிறவர் நிமிர்ந்து உட்காருவார். சோதித்ததில் முன்னேற்றம் கிடைத்திருந்தால் அந்த எண்ணையும் போடுங்கள். கிடைக்காவிட்டால் கிடைத்ததாக எழுதாதீர்கள். நேர்முகத்தில் இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

கோடை முடிவதற்குள் பிரிசெப்டரிடம் பரிந்துரைக் கடிதம் தர முடியுமா என்று கேட்டுவிடுங்கள். உங்கள் வேலை அவர் கண் முன்னால் இருக்கும்போது கேட்பதுதான் சரி.

விண்ணப்பக் காலம்

எச்.ஏ.எஃப்.சி.ஏ.எஸ். என்ற பொது விண்ணப்பத் தளம் இருக்கிறது. ஒரே இடத்தில் மதிப்பெண் பட்டியல், ரெஸ்யூமே, பரிந்துரைக் கடிதங்களை ஏற்றிவிட்டு, பல நிறுவனங்களுக்கு அனுப்பலாம். கோடையின் தொடக்கத்தில் திறக்கும். இதில் சேராமல் தங்கள் தளத்திலேயே விண்ணப்பம் வாங்கும் மருத்துவமனைகளும் உண்டு. அவற்றைக் கண்டுபிடிக்க ஏ.சி.எச்.இ.யின் ஃபெல்லோஷிப் பட்டியல் உதவும். ஜூலையிலேயே ஒரு எக்செல் தாளில் நிறுவனம், கடைசி நாள், எத்தனை கடிதம், கட்டுரைக் கேள்வி, அங்கீகார நிபந்தனை, விசா வரி என்று பத்தி போட்டு நிரப்புங்கள். விசா வரி தெளிவாக இல்லையென்றால் அந்த நிறுவனத்தின் ஒருங்கிணைப்பாளருக்கு எழுதிக் கேளுங்கள். 'ஓ.பி.டி.யில் ஓராண்டு வேலை பார்க்க எனக்கு அனுமதி இருக்கும். உங்கள் பக்கம் செலவோ விண்ணப்பமோ தேவையில்லை. இப்படிப்பட்டவர் விண்ணப்பிக்கலாமா?' என்று கேட்டால், 'ஆதரவு தருவதில்லை' என்று எழுதியிருந்த இடமே சில நேரம் 'விண்ணப்பிக்கலாம்' என்று பதில் சொல்லும்.

எத்தனை இடத்துக்கு? முப்பது இடத்துக்கு ஒரே கட்டுரையை அனுப்புவதைவிட, பத்துப் பன்னிரண்டு இடங்களை நன்றாகப் படித்து எழுதுவதே மேல் என்பது என் கருத்து. படிக்க என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். நிறைய இருக்கிறது. லாப நோக்கமில்லாத ஒவ்வொரு மருத்துவமனையும் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை தன் பகுதி மக்களின் சுகாதாரத் தேவைகளை ஆய்வு செய்து வெளியிட வேண்டும் என்பது 2010-ஆம் ஆண்டு சுகாதாரச் சீர்திருத்தச் சட்டத்தின் விதி. அந்த அறிக்கை அவர்கள் தளத்திலேயே கிடைக்கும். வருமான வரித்துறைக்கு அவர்கள் தரும் 990 படிவம் பொதுவில் இருக்கிறது. வரவு, செலவு, மேலதிகாரிகளின் சம்பளம் வரை அதில் பார்க்கலாம். மெடிகேர் தளத்தில் பல மருத்துவமனைகளுக்கு ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் போட்டிருக்கும். இந்த மூன்றையும் ஒரு மாலை உட்கார்ந்து படித்தால் 'எங்கள் நிறுவனத்தை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்?' என்ற கேள்விக்கு மற்றவர்கள் சொல்லாத பதில் கிடைக்கும்.

கட்டுரையில் ஊர் அனுபவத்தை ஒதுக்கிவிடாதீர்கள். அமெரிக்க மருத்துவமனை அனுபவம்தான் எடுபடும் என்று நினைத்து, மதுரையில் மூன்று வருடம் வேலை பார்த்ததை ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அரவிந்த் கண் மருத்துவமனை 1976-இல் மதுரையில் 11 படுக்கையோடு டாக்டர் வெங்கடசாமி தொடங்கியது. அதன் முறை ஹார்வர்டு வணிகப் பள்ளியில் பாடமாகவே இருக்கிறது. உங்களை நேர்முகம் செய்கிறவர் அதை வகுப்பில் படித்திருக்கக்கூடும். 1994-இல் உருவான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அரசு மருத்துவமனைகளுக்கு மருந்தை மொத்தமாக வாங்கித் தரும் விதமும் பெருமையாகச் சொல்லத்தக்கதுதான். நீங்கள் இப்படிப்பட்ட ஒரு முறைக்குள் நின்று வேலை பார்த்தவர் என்றால், கூட்டம் அதிகம் உள்ள புறநோயாளிப் பிரிவில் வரிசையை எப்படி நகர்த்தினீர்கள் என்பதைப் பெருமையாகவும் விவரமாகவும் எழுதுங்கள்.

பரிந்துரைக் கடிதம் வழக்கமாக மூன்று. கேட்கும்போதே உங்கள் ரெஸ்யூமே, நிறுவனப் பட்டியல், அவர் நேரில் பார்த்த உங்கள் வேலைகள் இரண்டு மூன்று என்று குறிப்பு கொடுங்கள். ஒரு மாதம் அவகாசம் கொடுங்கள்.

நேர்முகம்

முதல் சுற்று பெரும்பாலும் பதிவு செய்யப்படும் வீடியோ. திரையில் கேள்வி வரும், இரண்டு நிமிடத்தில் பதில் சொல்ல வேண்டும், எதிரே மனிதர் இருக்க மாட்டார். பழகாமல் உட்கார்ந்தால் தடுமாறும். கைப்பேசியில் பதிவு செய்து, போட்டுப் பாருங்கள். நாம் வேகமாகப் பேசுவோம். பாதி வேகம் போதும்.

இறுதிச் சுற்றுக்கு நேரில் அழைப்பார்கள், சில இடம் ஆன்லைனில். காலை முதல் மாலை வரை இருக்கும். முந்தைய இரவு விருந்து, இப்போதைய ஃபெல்லோக்களோடு மதிய உணவு எல்லாமே நேர்முகத்தின் பகுதிதான். மேலதிகாரிகளைப் பெயர் சொல்லியே அழைப்பார்கள்; அவர் தன் பெயரைச் சொல்லி அறிமுகம் செய்துகொண்டால் நீங்களும் அப்படியே அழைக்கலாம், மரியாதைக் குறைவு ஆகாது.

ஒரு சிக்கலைக் கொடுத்து அரை மணி நேரத்தில் தீர்வு சொல்லச் சொல்வது வழக்கம். உதாரணமாக: நகரத்தின் ஏழ்மையான பகுதியில் உள்ள கிளினிக்கில் முன்பதிவு செய்தவர்களில் நான்கில் ஒருவர் வருவதில்லை, என்ன செய்வீர்கள்? உடனே 'செயலி ஒன்று உருவாக்குவோம்' என்று ஆரம்பிக்கிறவர் அதிகம். தேர்வுக் குழு எதிர்பார்ப்பது முதலில் கேள்விகளை. யார் வருவதில்லை, எந்த நாள், எந்த டாக்டரிடம்? முன்பதிவுக்கும் வருகைக்கும் இடையே எத்தனை வாரம்? பஸ் எத்தனை மணிக்கு ஒன்று? நினைவூட்டும் செய்தி எந்த மொழியில் போகிறது? அதற்குப் பிறகு ஒரு சிறிய சோதனை, ஒரு டாக்டரின் ஒரு வாரத்தில். அதன் செலவு, அதற்கு யாருடைய சம்மதம் வேண்டும், பலன் இல்லையென்று எதைப் பார்த்து முடிவு செய்வீர்கள். இவ்வளவையும் ஐந்து நிமிடத்தில் சொல்லப் பழகுங்கள். பர்மிங்ஹாமில் உள்ள அலபாமா பல்கலைக்கழகம் ஆண்டுதோறும் நடத்தும் சுகாதார நிர்வாகப் போட்டி போன்றவற்றில் வகுப்புத் தோழர்களோடு கலந்துகொண்டால் இதற்கு நல்ல பயிற்சி.

நீங்கள் கேட்கும் கேள்விகளில் ஒன்று இப்போதைய ஃபெல்லோக்களிடம் இருக்கட்டும்: முந்தைய ஃபெல்லோக்கள் இன்று எங்கே இருக்கிறார்கள்? அதே நிறுவனத்தில் மேலாளராக இருக்கிறார்கள் என்றால் சரியான இடம். யாருமே தங்கவில்லை என்றால் ஏன் என்று கேளுங்கள்.

கொள்கைப் பக்கம் போக விரும்புகிறவர்களுக்கு

கொள்கைத் துறையில் பொது விண்ணப்பத் தளம் கிடையாது. கே.எஃப்.எஃப்., அர்பன் இன்ஸ்டிட்யூட், மேத்தமேட்டிகா, ராண்ட் போன்ற ஆய்வு நிறுவனங்கள், மாநில மெடிகெய்ட் அலுவலகங்கள், மாநகரச் சுகாதாரத் துறைகள் என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். மத்திய அரசுப் பணிகள் பெரும்பாலும் குடியுரிமை உள்ளவர்களுக்கு. முன்னாள் ராணுவத்தினர் நலத்துறையின் மருத்துவமனைகள் நிர்வாகப் பயிற்சி தருகின்றன. அதற்கும் குடியுரிமை வேண்டும். இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். முதுகலை முடித்தவர்களை அரசுக்குள் கொண்டுவந்த அதிபர் மேலாண்மை ஃபெல்லோ திட்டம் 1977 முதல் நடந்தது. 2025 பிப்ரவரியில் நிறுத்தப்பட்டுவிட்டது. பழைய வழிகாட்டிகளில் அது இன்னும் இருக்கும், அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

வெளிநாட்டு மாணவர்களுக்கு சர்வதேச அமைப்புகள் நல்ல வாசல். உலக சுகாதார நிறுவனத்தின் இன்டர்ன்ஷிப் 6 முதல் 24 வாரம். 20 வயது நிறைந்திருக்க வேண்டும். 2020 முதல் உதவித்தொகையும் தருகிறார்கள். உலக வங்கியும் முதுகலை மாணவர்களைச் சம்பளத்தோடு எடுக்கிறது.

இங்கே எல்லா இடத்திலும் கேட்பது உங்கள் எழுத்து மாதிரி. வகுப்புக்கு எழுதிய இருபது பக்கத்தை அனுப்பாதீர்கள், இரண்டு பக்கக் குறிப்பு எழுதுங்கள். அதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. உள்நோயாளி சிகிச்சைக்கு அடுத்த ஆண்டு எவ்வளவு கொடுப்போம் என்ற முன்மொழிவை மெடிகேர் வழக்கமாக வசந்த காலத்தில் வெளியிடும். பொதுமக்கள் யார் வேண்டுமானாலும் கருத்து அனுப்பலாம். இறுதி விதி ஆகஸ்ட் வாக்கில் வரும். அக்டோபர் 1 முதல் அமல். அதில் ஒரே ஒரு மாற்றத்தை எடுத்து, 25 படுக்கை உள்ள ஒரு கிராமத்து மருத்துவமனைக்கு அது பொருந்துமா, பொருந்தினால் என்ன ஆகும், என்ன செய்யலாம் என்று எழுதுங்கள். அத்தகைய சிறு மருத்துவமனைகளுக்கு மெடிகேர் வேறு முறையில் பணம் தருகிறது என்பதை எழுதும்போதே கண்டுபிடிப்பீர்கள். அந்தக் கண்டுபிடிப்பே குறிப்பின் முதல் பத்தி ஆகலாம்.

பதில் வந்த பிறகு

ஃபெல்லோஷிப் பதில்கள் பெரும்பாலும் அக்டோபர், நவம்பரில் வரும். ஒன்றை ஏற்றுக்கொண்டதும் மற்ற இடங்களுக்கு அன்றே எழுதி விலகிக்கொள்ளுங்கள். காத்திருப்புப் பட்டியலில் இன்னொருவர் இருப்பார். ஏற்றுக்கொண்ட பிறகு வேறு நல்ல இடம் வந்தது என்று மாறாதீர்கள். சிறிய உலகம் இது. உங்கள் படிப்பிலிருந்து அடுத்த வருடம் வருகிறவர்களையும் அது பாதிக்கும்.

எங்கும் கிடைக்கவில்லை என்றால் நவம்பரிலேயே அடுத்ததைத் தொடங்குங்கள். ஆள் விலகியதால் குளிர்காலத்தில் மறுபடி திறக்கும் இடங்கள் உண்டு. மருத்துவமனைகளில் ஆய்வாளர், திட்ட ஒருங்கிணைப்பாளர், தர மேம்பாட்டு உதவியாளர், கிளினிக் மேற்பார்வையாளர் போன்ற வேலைகளுக்கு ஜனவரி முதல் விண்ணப்பிக்கலாம். நிறைய நிர்வாகிகள் இந்த வழியில்தான் மேலே வந்திருக்கிறார்கள். கோடையில் வேலை பார்த்த இடத்துக்கு முதலில் எழுதுங்கள். அங்கே உங்கள் வேலை தெரியும்.

கடிதம் கைக்கு வந்ததும் தொடங்கும் தேதி, முடியும் தேதி, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், வேலை பார்க்கும் முகவரி நான்கும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சேர்த்துத் தரச் சொல்லி வாங்குங்கள். அதை எடுத்துக்கொண்டு அந்த வாரமே டி.எஸ்.ஓ.வைப் பார்த்து, ஓ.பி.டி. விண்ணப்பம் எந்தத் தேதியில் திறக்கும் என்று காலண்டரில் குறித்துக்கொண்டு வாருங்கள்.